கடைவாய்ப் பல் அறுவைக்குப் பின்: ‘துப்பாதீர்கள்’ என்று ஏன் சொல்கிறார்கள்?

கடைவாய்ப் பல்லை அறுவை செய்து எடுத்ததும் கையில் ஒரு துண்டுத்தாள் தருவார்கள். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, சூடாக எதுவும் வேண்டாம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். ஏன் என்று அந்தத் தாளில் இருப்பதில்லை. வாய் மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் கேட்கவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். “ஐஸ்கிரீமா? சளி பிடிக்கும்” என்பார் பாட்டி. உப்புத்தண்ணீரில் உடனே கொப்பளிக்கச் சொல்வார் அப்பா. அத்தை கிராம்புத் தைலத்தோடு வந்து நிற்பார்.

கீழ்த்தாடையில் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை, அதாவது கடைசிக் கடைவாய்ப் பல்லை, எடுக்கும் அறுவையை இங்கே எடுத்துக்கொள்வோம். எடுத்த பிறகு அதிகம் தொல்லை கொடுப்பது அதுதான். மற்றப் பல் அறுவைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

குழிக்குள் நடப்பது என்ன

புதைந்த ஞானப்பல் என்றால், முளைக்க இடமில்லாமல் ஈறுக்கடியிலோ எலும்புக்குள்ளேயோ சாய்ந்து கிடக்கும் பல். அதை எடுக்க ஈறைக் கீறி விலக்குவார்கள். சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் குடைவார்கள். பெரும்பாலும் பல்லையே இரண்டு மூன்று துண்டாக்கி வெளியே எடுத்து, ஈறைத் தைத்துவிடுவார்கள். பல் இருந்த இடத்தில் எலும்பில் ஒரு குழி மிஞ்சும்.

அந்தக் குழியில் இரத்தம் ஊறி நிறைந்து, சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பின்னிக்கொண்டு இரத்த அணுக்களைப் பிடித்து நிறுத்தும். கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று குழிக்குள் நிற்கும் இதைத்தான் இரத்தக்கட்டி என்கிறோம். இதற்கு இரண்டு வேலைகள்:

1. திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடி வைக்கிறது. உணவும் எச்சிலும் கிருமியும் நேராக எலும்பில் படுவதில்லை.

2. கட்டடம் எழும்பச் சாரம் கட்டுவதுபோல, புதிய திசு வளர்வதற்குப் பிடிமானம் கொடுக்கிறது. முதல் வாரத்தில் இந்தக் கட்டிக்குள் புது இரத்தக்குழாய்களும் இளந்திசுவும் நுழைகின்றன. மேலே ஈறு மூடிக்கொள்ள மூன்று முதல் ஐந்து வாரம் ஆகலாம். உள்ளே எலும்பு நிரம்ப மூன்று நான்கு மாதமாவது பிடிக்கும்.

தோலில் காயம் என்றால் மருந்து வைத்துக் கட்டுப்போடலாம். வாய்க்குள் அதற்கு வழியில்லை. எப்போதும் ஈரம், எப்போதும் அசைவு. அங்கே காயத்தை மூடியிருப்பது இந்த இரத்தக்கட்டி ஒன்றுதான். துண்டுத்தாளில் உள்ள ‘கூடாது’களில் முக்கால்வாசி இதைக் காப்பாற்றத்தான்.

இடையில் ஒரு பயம் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் குழி வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ தெரியும். சீழ் என்று நினைத்து இயர் பட்டால் துடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சீழ் இல்லை, மேலே படிந்த ஃபைப்ரின். ஆறிவரும் காயம் அப்படித்தான் இருக்கும். குச்சியோ விரலோ நாக்கு நுனியோ அங்கே போக வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்

1. பஞ்சைக் கடிப்பது. முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்தபடி இருக்க வேண்டும். இரத்தத்தை உறிஞ்சுவதைவிட அழுத்தம் கொடுப்பதுதான் பஞ்சின் வேலை. பத்து நிமிடத்துக்கொரு தடவை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்தது பஞ்சோடு பிய்ந்து வந்துவிடும்.

2. மறுபடி கசிவது. மரத்துப்போக ஊசி போடும்போது லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு பொதுவாக அட்ரினலின் கலந்திருக்கும். அது இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கும்போது குழாய்கள் மீண்டும் விரியும், லேசாகக் கசியும். அநேகமாக வீட்டுக்கு வந்து படுக்கும் நேரமாகப் பார்த்து இது நடக்கும், குடும்பமே பதறும். ஒரு துளி இரத்தம் வாய் நிறைய எச்சிலோடு கலந்தால் வாயெல்லாம் இரத்தம் போலத்தான் தெரியும். எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது முதல் நாள் முழுக்க இயல்பு. நிறம் அடர்ந்து வாய் நிறைந்தால், சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்து மடித்துச் சரியாகக் குழிமேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். கைவசம் துணி இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த தேயிலைப் பை உதவும். தேயிலையில் உள்ள டானினுக்குத் திசுவைச் சுருக்கும் தன்மை உண்டு.

3. துப்புவதும் உறிஞ்சுவதும். இரண்டிலும் வாய்க்குள் அழுத்தம் மாறி, கட்டி பெயர வாய்ப்பிருக்கிறது. நம் ஊரில் இது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. காலையில் பல் துலக்கினால் நாக்கை வழித்து, காறித் துப்பினால்தான் பலருக்குத் துலக்கிய திருப்தியே வரும். முதல் நாள் ஊறும் எச்சிலை விழுங்கிவிடுங்கள். முடியவில்லையென்றால் தலையைச் சாய்த்துத் தானாக வழியவிட்டுத் துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள். இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்களும் கபாலபாதி மூச்சுப்பயிற்சி செய்பவர்களும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

4. சூடு. சுடச்சுடக் காபி குடித்தால் இரத்தக்குழாய் விரியும். உதடும் நாக்கும் மரத்திருக்கும் நேரத்தில் சுட்டதே தெரியாது, மரப்பு போன பிறகு கொப்புளம்தான் சொல்லும். மரப்பு தீர இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை மென்று சாப்பிடும் எதுவும் வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்ள நேரும். குழந்தைகள் விஷயத்தில் இதைக் கண்காணிக்க வேண்டும்.

5. புகை. சிகரெட், பீடி இழுப்பதும் உறிஞ்சுவதுதான். அதோடு நிகோடின் இரத்தக்குழாயைச் சுருக்கிக் காயத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். மூன்று நாளாவது விட வேண்டும், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான். பாக்குத் துணுக்கு குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்வது கூடுதல் தொல்லை.

6. குனிந்து கனம் தூக்குவது. இரத்த அழுத்தம் தலைப்பக்கம் ஏறினால் கசிவு திரும்பும். தண்ணீர்க் குடத்தையும் ஜிம்மையும் இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை, மேலே ஒரு பழைய துண்டு.

அப்பா சொன்ன உப்புத்தண்ணீர் சரியான வைத்தியம்தான், ஆனால் ஒரு நாள் தாமதமாக. 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயில் வைத்துத் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் சாய்த்து, வாயைத் திறந்து கொட்டிவிட வேண்டும். கன்னத்தை உப்பிக் ‘களகள’வென்று கொப்பளிப்பதெல்லாம் பிற்பாடு. எண்ணெய்க் கொப்பளிப்பு செய்பவர்கள் காயம் ஆறும்வரை அதை நிறுத்தி வைக்கலாம். குளோர்ஹெக்ஸிடின் மருந்துநீர் எழுதிக் கொடுத்திருந்தால், பல் துலக்கிய உடனே ஊற்றாமல் அரை மணி நேரம் விட வேண்டும். பற்பசையில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும். மற்றப் பற்களைத் துலக்குவதை நிறுத்தவே கூடாது. அழுக்கான வாயில் காயம் ஆறாது.

வலி மாத்திரை: எப்போது, எது, எவ்வளவு

‘வலித்தால் போட்டுக்கொள்ளலாம்’ என்று மாத்திரையை எடுத்து வைப்பவர்கள் அதிகம். இங்கே அது தப்புக் கணக்கு. மரப்பு முழுதும் விலகும் முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அந்த இடைவெளி முழுவதும் அவதிதான். முதல் இரண்டு நாள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் நேரம் பார்த்துச் சாப்பிடுவது உத்தமம்.

ஞானப்பல் வலி, வலிநிவாரணிகளைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வலி. அதனால் இதில் தகவலுக்குப் பஞ்சமில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பின்படி, 400 மி.கி. ஐபுப்ரோஃபன் 1000 மி.கி. பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதிலும் நல்ல பலன் தெரிந்தது. எல்லோரும் ஐபுப்ரோஃபன் சாப்பிட முடியாது என்பது அடுத்த விஷயம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சிலவகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாமல் போகலாம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை:

1. ஒரே மருந்து இரண்டு பெயரில். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருப்பார்கள். வலி நிற்கவில்லை என்று வீட்டில் உள்ளவர் ஒரு டோலோ 650 எடுத்துக் கொடுப்பார். அதுவும் பாராசிட்டமால்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் வரம்பு அதைவிடக் குறைவு. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

2. டெங்கு காலம். மழைக்காலத்தில் பல் எடுத்து, அதே வாரம் உடம்புவலியோடு கடும் காய்ச்சல் வந்தால், காய்ச்சல் பல்லால்தான் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபுப்ரோஃபன், அசிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகள் இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரினைப் பொடித்து வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது ஈறைப் புண்ணாக்கும், வலியைக் குறைக்காது. கிராம்புத் தைலத்தையும் புதுக் காயத்தில் நேராக விடக் கூடாது, திசுவை எரிக்கும். அதற்குரிய இடம் பின்னால் வருகிறது.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் வேண்டுமா என்பது மருத்துவர்களுக்கிடையிலேயே முடியாத பேச்சு. 2021இல் புதுப்பித்த காக்ரேன் தொகுப்பு, ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க ஏறத்தாழ 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டது. எழுதிக் கொடுக்காத மருத்துவர் அக்கறையில்லாதவர் என்று நினைக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். போன தடவை மிஞ்சியதை நீங்களே எடுத்துச் சாப்பிடாதீர்கள். எழுதிக் கொடுத்ததில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தால், மாத்திரை முடிந்து இரண்டு நாள்வரை மது கூடாது.

மூன்றாம் நாள் முகம்

வீக்கம் அறுவை முடிந்த உடனே உச்சத்துக்குப் போவதில்லை, 48 முதல் 72 மணி நேரத்தில்தான் போகும். “நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதே” என்று இரண்டாம் நாள் கவலைப்பட்டுத் தொலைபேசி செய்பவர்கள் ஏராளம். முதல் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், துணியில் சுற்றிய ஐஸை வெளியே கன்னத்தில் 15–20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஐஸ் பெரிதாக உதவாது. 48 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான ஒத்தடம் இதமாக இருக்கும். கன்னத்திலும் தாடைக்குக் கீழும் தோல் கன்றி நீலமாகி, பிறகு மஞ்சளாகி மறைவதும் உண்டு.

வாய் சரியாகத் திறக்காமல் தாடை இறுகிப்போவதும் இதே கணக்கில்தான். மெல்லும் தசை வீங்கியிருக்கிறது, அவ்வளவே. ஒன்றிரண்டு வாரத்தில் தளரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு மெல்லத் திறந்து மூடிப் பழக்கலாம், வம்படியாக இழுக்க வேண்டாம்.

கன்னம் கண்வரை உப்பியதைப் பார்த்து, ‘கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்’ என்ற பழைய பயத்தை யாராவது கிளப்பக்கூடும். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மூளையிலிருந்து இரண்டும் தனித்தனியாகவே கிளம்புகின்றன.

என்ன சாப்பிடலாம்

முதல் நாள் ஆறிய கஞ்சி, தயிர், மசித்த வாழைப்பழம், பாலில் ஊறிய இட்லி. ஐஸ்கிரீமைக் கரண்டியால் சாப்பிடலாம். சளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கோன் மட்டும் வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து குழைந்த சாதம், காரமில்லாத பருப்பு, அவித்த முட்டை என்று மெல்ல ஏறலாம். எதிர்ப்பக்கமாக மெல்ல வேண்டும்.

தயிர்சாதம் எல்லோரும் நம்பும் சாப்பாடு. அதில்தான் ஒரு வில்லங்கம்: தாளிப்பு. ஒரு கடுகு போதும், குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காரும். கீழ்த்தாடைக் குழியில் விழுந்தது தானாக மேலே வராது, அங்கேயே ஊறி நாற ஆரம்பிக்கும். எள்ளுப்பொடி, ரவை, கொய்யா விதை, தக்காளி விதை, முறுக்குத் தூள் எல்லாம் இந்த வகை. தாளிக்காமல் சாப்பிடுவது ரசனைக் குறைவுதான், இரண்டு வாரத்துக்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது உள்ளே போய்விட்டால் குத்தி எடுக்காமல் உப்புத்தண்ணீரால் அலசுங்கள். ஒரு வாரம் போல ஆன பிறகும் அடைந்துகொண்டிருந்தால், முனை வளைந்த பிளாஸ்டிக் சிரிஞ்சை மருத்துவர் தருவார்.

ட்ரை சாக்கெட்: கட்டி போய்விட்டால்

இரத்தக்கட்டி உருவாகாமலோ, சீக்கிரமே கரைந்தோ, பெயர்ந்தோ போனால் எலும்பு வெறுமையாகத் தெரியும். இதுதான் ட்ரை சாக்கெட். 1896இலேயே க்ராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் இந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிறது. புதைந்த கீழ் ஞானப்பல்லில் இது பல மடங்கு அதிகம்.

அடையாளம் கண்டுபிடிக்க வலியின் அளவைவிட அதன் போக்கைப் பாருங்கள். ஒழுங்காக ஆறும் காயத்தில் மூன்றாம் நாளிலிருந்து வலி இறங்க வேண்டும். இதில் நேர்மாறாக, குறைந்துவந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திரும்பி ஏறும். காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பாயும். மாத்திரைக்கு மசியாது. வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருக்கும். காய்ச்சலும் சீழும் வழக்கமாக இருக்காது.

‘ஸ்ட்ரா போட்டீர்களா? துப்பினீர்களா?’ என்று நோயாளியையே குற்றவாளியாக்குவது சுலபம். நிலைமை அவ்வளவு எளிதில்லை. உடம்பே கட்டியைக் கரைக்கும் ஃபைப்ரின் சிதைவு மிகையாக நடப்பதுதான் முக்கியக் காரணம் என்று 1970களில் டென்மார்க் ஆய்வாளர் பிர்ன் விளக்கினார். எடுப்பதற்குச் சிரமமான பல், ஏற்கெனவே இருந்த தொற்று, புகை, கருத்தடை மாத்திரை ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாளில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தவர்களுக்கும் வருகிறது. அதனால் குற்றவுணர்வோடு வீட்டிலேயே தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைப்பார். பெரும்பாலும் அதில் கிராம்புத் தைலத்தின் சத்தான யூஜினால்தான் இருக்கும். வைத்த சில மணி நேரத்துக்குள்ளேயே பலருக்கு வலி அடங்கிவிடும். அத்தையின் வைத்தியத்துக்குரிய இடம் இதுதான், சரியான அளவில் மருத்துவர் கையால்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள்

1. இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகள். இதயத்துக்கு ஈகோஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வால்வு மாற்றியவர்களுக்கு அசிட்ரோம், வார்ஃபரின். கசிகிறதே என்று தாமாக நிறுத்துவது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. ஈறில் கசியும் இரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்திவிடலாம். மூளையில் அடைக்கும் இரத்தக்கட்டியை அப்படிச் செய்ய முடியாது. நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

2. சர்க்கரை. இன்சுலினோ மாத்திரையோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு, வாய் வலிக்கிறது என்று சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மாறாக, கஞ்சியும் ஜூஸும் ஐஸ்கிரீமுமாக ஓட்டினால் எகிறும், காயம் ஆறத் தாமதமாகும். முட்டை, மசித்த பருப்பு, தயிர், ஆறிய சூப் பக்கம் சாய்வது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த வாரம் அடிக்கடி பாருங்கள்.

3. எலும்புத் தேய்மான மருந்துகள். அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொரு முறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசி, ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி. இவற்றால் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமலே நிற்பதுண்டு. 2003இல்தான் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. தினமும் சாப்பிடுவதல்ல என்பதால் கேட்கும்போது பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பல் எடுத்த பிறகு நினைவு வந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எப்போது கூப்பிட வேண்டும், எப்போது ஓட வேண்டும்

விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், நாக்கு மேலே தள்ளப்படுவது, வீக்கம் தாடைக்கடியிலிருந்து கழுத்துக்கு இறங்குவது: விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொற்று நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவினால் சில மணி நேரத்தில் மூச்சுப்பாதை அடைபடலாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பல் கிளினிக் வாசலில் நிற்காமல், அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். இரண்டு முறை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும் அப்படித்தான்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கமோ வலியோ ஏறுவது, சீழ் வடிவது: அன்றைக்கே எடுத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். மேல்தாடைப் பல் எடுத்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால், சைனஸுக்கும் வாய்க்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மி, மருத்துவரைப் பாருங்கள்.

தையல் இரண்டு வகை. கரையும் நூல் இரண்டு மூன்று வாரத்தில் துண்டுதுண்டாக உதிரும். பட்டுநூல் என்றால் ஏழாம் நாள் போல் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். எது போட்டார்கள் என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழுதடு, தாடை, நாக்கின் ஒரு பக்கம் ஒரு நாள் கழிந்தும் மரத்தே இருந்தால், ஞானப்பல்லின் வேரை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும், நிலைத்துப்போவது அரிது. எந்த இடம்வரை மரத்திருக்கிறது, எங்கே குறுகுறுப்பு ஆரம்பித்தது என்று வாரத்துக்கு ஒரு முறை தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நரம்பு தேறுகிறதா, நிபுணரிடம் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.